உன் பெயர் வைத்த இஞ்சின்

இன்று மாலை எங்கள் அடுக்குமாடியில் கொசுப்புகை அடித்தார்கள். எண்ணெய் கலந்த அந்த வாடை கதவிடுக்கில் நுழைந்ததும், அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கி ரோட்டுக்கே வந்துவிட்டேன். "டெங்கிக்குத்தானே அடிக்கிறாங்க, எதுக்கு இப்படி ஓடி வர்ற?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அவருக்கு உன்னைத் தெரியாது.

சிப் தொழிற்சாலை வேலையை விட்டு, மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ராக்கெட் செய்ய நாம் கிளம்பியபோது எல்லாரும் சிரித்தார்கள். சின்னக் கம்பெனி. முதலாளியை "அண்ணே" என்றே கூப்பிட்டோம். கெப்பாலா பத்தாஸ் பக்கம் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கிய வருஷம் நீ சொன்னாய்: "மேல நம்ம சாட்டிலைட் இருந்தா முன்னாடியே படம் புடிச்சுச் சொல்லிருக்கலாம்லா. எத்தன நாளைக்கு அடுத்தவன் படத்துக்குக் காத்திருக்கிறது?" அந்த ஆசையை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

நிபோங் திபாலைத் தாண்டிய செம்பனைத் தோட்டத்துக்குள், தார் போட்ட ஒரு திடலில் இஞ்சினைக் கட்டிவைத்து எரித்துப் பார்ப்போம். அன்று பணம் போடுகிறவர்கள் தலைநகரிலிருந்து பார்க்க வந்திருந்தார்கள். ஆக்ஸிஜன் வால்வு சில சமயம் முழுதாக மூடுவதில்லை என்று முந்தின நாளே நீ கண்டுபிடித்திருந்தாய்.

"அண்ணே, வால்வு சரியில்ல. புதுசு வரட்டும். இன்னிக்கு வேணாம்."

"கே.எல்.லேருந்து வந்து கூடாரத்துல உக்காந்திருக்காங்க. திருப்பி அனுப்பவா? ராக்கெட்னா ரிஸ்க் இருக்கத்தான் செய்யும்லா."

இஞ்சின் எரிந்தது. கூடாரத்தில் கைதட்டினார்கள். அணைத்த பிறகு வால்வு மூடிக்கொள்ளவில்லை. திரவ ஆக்ஸிஜன் வெண்புகையாய்த் தரையில் படர்ந்தது. தொட்டி தானாகக் காலியாகும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்பது நீயே எழுதிய விதி. கையிலிருந்த வாக்கி-டாக்கி ரேடியோவில் அண்ணனின் குரல் வந்தது. "எல்லாம் வீணாப் போவுது. இன்னொரு தடவ ஓட்டிக் காட்டணும். யாராச்சும் போய்க் கையால மூடுங்க."

நானும் இன்னொருவரும் எழுந்தோம். நீ என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாய். "என் வால்வு. நான் பாத்துக்கிறேன்."

இஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் சிந்திய தாரில் திரவ ஆக்ஸிஜன் ஊறினால் ஒரு காலடி பட்டாலே வெடிக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. அதனால்தான் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்துப் போனாய். "மூடிட்டேன்" என்ற உன் குரல் ரேடியோவில் கேட்டது. திரும்பி நடக்கும்போதுதான் திடல் வெடித்தது.

மருத்துவமனையில் ஒரே ஒரு தடவை பேசினாய். "வேற யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"இல்லடி" என்றேன். அதற்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை.

சாவு வீட்டில் அண்ணன் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மக நாட்டுக்காக உயிரக் குடுத்திருக்கா" என்றார். அப்பா கையை உருவிக்கொண்டார். "நாட்டுக்காகவா? கூடாரத்துல ஆளு காத்திருந்துச்சுன்னுல்ல சொன்னாங்க?"

விசாரணையில் ரேடியோவில் கேட்டதை அப்படியே சொன்னேன். கம்பெனிக்கு அபராதம் விதித்தார்கள். கம்பெனியை மூடினார்கள். வேறு பெயரில், வெளிநாட்டுப் பணத்தோடு மறுபடி திறந்தார்கள். புது வால்வு போட்டார்கள். நீ கேட்ட அதே மாதிரி வால்வு. இஞ்சினுக்கு உன் பெயரை வைத்தார்கள். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. செய்தியில் பார்த்துத்தான் அவருக்குத் தெரிய வந்தது.

அந்த இஞ்சின் பூட்டிய ராக்கெட் மேலே போன அன்று, "தனியாப் பாக்க முடியாதும்மா, வா" என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். உன் வீட்டு ஹாலில் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ராக்கெட் எழும்பியது. கீழே காப்பிக்கடையில் ஆரவாரம். எனக்கும் ஒரு கணம் நெஞ்சு துள்ளியது, உனக்காக. அப்போது வர்ணனையாளர் உன் பெயரைச் சொல்லி, "நன்றாக எரிகிறது" என்றார்.

அப்பா டிவியை அணைக்கவில்லை. என் மணிக்கட்டை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.