மனைவியின் கால் என்றார்

சனிக்கிழமை இரவு, பாடன், சுவிட்சர்லாந்து

நாங்கள் சிலர், இங்கே பாவிக்காமல் கிடக்கும் செயற்கைக் கால்களைச் சேர்த்து, போரில் கால் இழந்தவர்களுக்காக இலங்கையின் வன்னிக்கு அனுப்புகிறோம். தூர வீடுகளுக்குப் பைக்கில் போகும் வேலையை நானே கேட்டு எடுப்பேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கும்போதுதான் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

இன்று தூரத்து மலையூரான லா ஷோ-து-ஃபோனுக்குப் போனேன். தனியாக இருக்கும் ஒரு அண்ணை பையைக் காட்டி, "மனுசியின்ர கால், தங்கச்சி. அவ செத்துப் போனா. கொண்டு போங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் சந்தேகம் வந்தது. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பெரிய பாதமா? நான் அங்கே நின்ற நேரம் முழுக்க அவர் கதிரையை விட்டு எழும்பவேயில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. உடனே போன் எடுத்தேன்.

"அண்ணை, இது உங்கட காலோ?"

"ஓம். நான் இனி எங்க போகப்போறன்? அங்க ஆராவது நடக்கட்டும்."

"நாளைக்குத் திருப்பிக் கொண்டு வாறன்."

"வேண்டாம், பிள்ளை" என்று போனை வைத்துவிட்டார். பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை.

வேறு எதையெல்லாம் யார் யாருக்குக் கொடுத்து முடித்தாரோ. நாளைவரை பொறுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதே போவதற்குப் பைக் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.