நான்காவது மூலை

கிளென் ஈடன்,
ஆக்லாந்து.

அன்புள்ள அம்மாவுக்கு,

தர்ஷினி எழுதுகிறேன். ஃபோனை நீ எடுப்பதில்லை. அதனால் கடிதம்.

நலமாக இருக்கிறேன். நிஜமாகவே. இங்கே மார்கழியில் வெயில். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளிச்சம் போவதில்லை. ஆஸ்பத்திரியில் அதே கம்ப்யூட்டர் வேலைதான். மனுரேவாவிலிருந்து இங்கே வீடு மாறிவிட்டோம். லியாங்கின் பட்டறைக்கு ஒரு கராஜ் கிடைத்தது.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அன்றைக்குக் கேட்டாய். கண்ணாடி செதுக்குகிறான் என்றேன். 'சீனாக்காரன், அதுலயும் கண்ணாடி சுரண்டுறவனா' என்றாய். கல்யாணத்துக்கும் வரவில்லை.

அந்த வேலை இப்படித்தான் அம்மா. பால் வெள்ளையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதன்மேல் உருக்கிய சிவப்புக் கண்ணாடி, தோல் மாதிரி. சுழலும் சின்னச் சக்கரத்தில் கிண்ணத்தைப் பிடிப்பான். தண்ணீரும் ஈரப்பொடியும் சொட்டும். சிவப்பை அரைத்து எடுக்க எடுக்க வெள்ளை தெரியும். பூவோ மீனோ, வேண்டியதை மட்டும் சிவப்பாக விட்டுவிடுவான்.

மார்கழி பிறந்ததிலிருந்து அப்பா உன் கோலங்களைப் படமெடுத்து அனுப்புகிறார். ஒரு வார்த்தை எழுதுவதில்லை. அதிலிருந்து ஒரு சிக்குக் கோலத்தை எடுத்து, எனக்குத் தெரியாமல், உனக்கென்று ஒரு கிண்ணத்தில் செதுக்கினான் லியாங்.

காட்டினான். வெள்ளைத் தரையில் சிவப்புக் கோடு. சிரித்துவிட்டேன். 'கோலம் இருக்குடா, வாசலைக் காணோம்' என்றேன். கிண்ணத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தில் காவி பூசிய தரை, அதில் வெள்ளை மாவு. இத்தனை வருஷமாகத் தரையை எடுத்தே பழகிய கை. உன் கோலத்துக்குத் தரையை விட்டுவிட்டுக் கோட்டை எடுக்க வேண்டும்.

உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே என்றான். சொல்லிவிட்டேன். அந்தக் கிண்ணத்தில் இப்போது எலுமிச்சம்பழம்.

இரண்டாவது கிண்ணம் நடக்கிறது. கோட்டை மட்டும் எடுக்கிறான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கை கொஞ்சம் நழுவினால் கோடு போயிற்று. மூன்று மூலை முடிந்தது. நான்காவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் படத்தில் அந்த மூலையை ஒரு கால் மறைக்கிறது. மெட்டி போட்ட கால். கொஞ்சம் தள்ளி நில்லேன் என்று அப்பா சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். நீ நகரவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பித்தவெடிப்புக்கு மருந்து போடுகிறாயா?

மற்ற மூன்றைப் பார்த்து நான்காவதைப் போட்டுவிடலாம் என்கிறான் லியாங். முதல் கிண்ணத்தில் அப்படித்தான் போட்டான். இதில் வேண்டாம் என்றேன். உன் கோடு அங்கே எப்படித் திரும்புகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

காகிதத்தில் வரைந்து அனுப்பிவிடாதே அம்மா. அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா. வந்து போட்டுக் காட்டு. அதுவரை அவன் சக்கரத்தைத் தொடமாட்டான்.

உன் காலைத் தொட்டு,
தர்ஷினி