இருபத்தைந்தாவது புளியங்கொட்டை

மோகனூர்
7.12.2025

அன்புள்ள கலைமணி அக்காவுக்கு,

இத்தனை வருடம் கழித்துத் திடீரென்று எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும். நாமக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

ஜனவரியில் சேலத்தில் உங்கள் கடைசி பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் என்று பேப்பரில் படித்தேன். அன்றிலிருந்து கனவில் நம் ஆற்றோர மைதானம்தான். பனியில் நீங்கள் தெரிவதில்லை. உங்கள் மூச்சு மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கும் கரும்புப்பாகு வாசனை. என் இடது கையில் இருபத்தைந்து புளியங்கொட்டைகள். சுற்றுக்கு ஒன்றாக வலது கைக்கு மாற்றுவேன். ஒன்றே மிஞ்சும்போது "கடைசி!" என்று கத்துவேன்.

பத்து வருடம் முன்பு, அதே சேலத்தில், மாநிலப் போட்டியில் ஒரு சுற்று முன்னதாகவே கத்திவிட்டேன். மீதிச் சுற்றைக் காட்டும் பலகையைப் பார்க்காமல் என் குரலை நம்பி, முழு வேகத்தில் ஓடி முடித்து நின்றீர்கள். அப்போதுதான் கடைசிச் சுற்றின் மணியே அடித்தது. "இன்னொரு ரவுண்டு இருக்குது, ஓடு புள்ள!" என்றார் நடுவர். மூன்று பேர் முந்திவிட்டார்கள். அந்த வருடத் தேசியப் போட்டி போயிற்று. கோச் மணிமாறன் சார் திட்டியபோது, "நானே எண்ணிக்கைய உட்டுட்டனுங்க சார்" என்றீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் தூங்கினீர்கள். என் சுடிதார் பையின் மடிப்பில் ஒரு புளியங்கொட்டை தட்டுப்பட்டது. அன்று கையில் இருபத்து நான்கை வைத்துத்தான் எண்ணியிருக்கிறேன். நான் சொல்லவில்லை. இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள்
கிருத்திகா

பெங்களூரு
15.12.2025

அன்பு அம்மணிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் அறைத்தோழி உஷாராணி, "யாருடி, மாப்பிள்ளையா?" என்றாள். "ஆமா, புளியங்கொட்டை மாப்பிள்ளை" என்றேன்.

எனக்கு அன்றைக்கே தெரியும். மணி அடித்தபோது வேலியோரம் உன் முகத்தைப் பார்த்தேனே. பஸ்ஸில் நான் தூங்கவும் இல்லை சாமி. நீயே சொல்லுவாய் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நாமக்கல் தாண்டியும் சொல்லவில்லை. தோற்றது மறுவருடமே ஆறிவிட்டது, இதுதான் ஆறவில்லை. அப்புறம் எத்தனையோ ஓட்டம், எத்தனையோ மெடல். வேலியோரம் எந்தக் குரலுக்கும் காது கொடுத்ததில்லை. பலகையை மட்டும் பார்ப்பேன்.

ஆனால் கடைசி என்று உன்னை நம்பி ஓடிய அந்த ஒரு சுற்றை மறக்க முடியாது. சத்தமே இல்லை. காவிரித் தண்ணிக்குள் ஓடுவதுபோல இருந்தது.

கலைமணி

மோகனூர்
22.12.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தோடு ஆற்றுக்குப் போனேன். கொட்டையைத் தண்ணீரில் போட்டுவிடத்தான் போனேன். போடவில்லை. வீட்டுப் புளியிலிருந்து இருபத்து நான்கு எடுத்து அதோடு சேர்த்துவிட்டேன். மூன்று தடவை எண்ணினேன். நம்பிக்கை வராமல் என் வகுப்புப் பிள்ளைகளையும் எண்ணச் சொன்னேன்.

சேலத்தில் வேலியோரம் நிற்பேன். நீங்கள் பலகையைப் பார்த்தே ஓடுங்கள். இருபத்து நான்கு சுற்றும் வாய் திறக்க மாட்டேன். மணி அடித்த பிறகு, ஒரே ஒரு முறை, "கடைசி" என்று நான் கூப்பிடட்டுமா அக்கா?

கிருத்திகா