பகலில் நுழைந்த லாரி

இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் அபராதத்தை லாரி முதலாளி இப்ராஹிம் பாய் உங்க பேரில் பாக்கியாக எழுதினார் என்று நீங்க சொன்னதும் போனிலேயே உங்களைத் திட்டிவிட்டேனுங்க. பெங்களூருக்குள் பகலில் லாரியை விடமாட்டார்கள் என்று தெரிந்தும் ஏன் நுழைந்தீங்க என்று கேட்கவில்லை. நேற்று பாயே சொன்னார்: "வெரசா லோடு இறக்கிட்டு, நீ எஸ்டேட்டுக்குப் போறதுக்குள்ள ஊடு சேரணும்னுதாம்மா உன் புருஷன் நுழைஞ்சான்."

நீங்க வரும்போது நான் காப்பித் தோட்டத்தில், நான் வரும்போது நீங்க ரோட்டில். இருபது நாளாக நீங்க கழுவி வைத்த தட்டைத்தான் பார்க்கிறேன்.

களி மூடி வைத்திருக்கிறது. சாவியைப் பழைய இடத்திலேயே வையுங்க.

பெங்களூருக்கு வெளியே, பகலிலும் இறக்கும் குடோன் லோடு உங்களுக்குத் தரச்சொல்லி பாயிடம் கேட்டேன். திங்கள் முதல் தருகிறாராம். ராத்திரிக்கு ஊட்டுக்கு வந்துவிடலாம்.

ராசம்மாள்

அந்தப் பாக்கி என்னைப் பார்க்க வந்த செலவுதானே. நான் காப்பிப் பழம் பறித்த கூலியில் கட்டிவிட்டேன்.