அமரத்தில் சாய்ந்து உட்கார்ந்த அண்ணனுக்கு

பாசமுள்ள அண்ணே,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. பட்டறை ஓடுகிறது, நானும் ஓடுகிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இரண்டு மாதம் உலைக்கு முன்னால் நின்ற களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. பாம்பனில் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே மதினியைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் எடுத்திருப்பீர்கள். நான் இன்னும் ஏறவில்லை. நேரமில்லை என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். உண்மையில் மனமில்லை.

இதைத் துறைமுகத்தில் பலரும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாத்தா மண்டபம் ஊரில் இரும்பு நங்கூரம் அடித்து விற்றார். அய்யா காலத்தில் விசைப்படகுக்குப் புரொபெல்லர் வார்க்கத் தொடங்கினோம். நம் காலத்தில் உருக்கி வார்ப்பது என் வேலை, இறக்கைகளுக்கு அரம் போட்டுச் சமன் செய்வது உங்கள் வேலை. கடைசிச் சோதனை படகில்தான் நடக்கும். படகின் பின்பக்கம், அமரத்தில், செருப்பில்லாமல் நின்று இஞ்சினை முடுக்கச் சொல்வீர்கள். ஒரு இறக்கை கொஞ்சம் கனமாக இருந்தாலும் பலகை வழியாக உங்கள் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். கழற்று என்றால் கழற்றியாக வேண்டும். சரி என்றால் மறுபேச்சே கிடையாது.

உங்களுக்குப் பிறகு அந்த இடத்தில் நான் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரை வந்து என் இரண்டு காலும் மரத்துப்போய் வருடக்கணக்காகிறது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நாலு கடை தாண்டிப் போய்விடுவேன், பின்னால் வருகிறவர்கள் எடுத்துத் தருவார்கள். டீக்கடையில் ஊர்க்கதை எல்லாம் பேசுகிறவன் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் யார் நம்மிடம் புரொபெல்லர் வாங்குவார்கள்? வெளியூரிலிருந்து ரெடிமேடாக வந்து இறங்குகிற காலம் இது. உங்கள் சொல்லுக்காகத்தான் நம்மைத் தேடி வந்தார்கள். அதனால் உங்களைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், தலையை ஆட்டினேன். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

இந்த வருடம் தடைக்காலத்தின் கடைசி வேலை சகாயத்தின் படகு. அலுத்துப்போய் அவசரமாக அரம் போட்டேன். அமரத்தில் நின்று சரி என்றேன். நாலாவது தடவை கடலுக்குப் போனபோது, ஓயாத ஆட்டத்தில் புரொபெல்லரைச் சுழற்றுகிற ஷாப்ட் வெளியே போகிற துளையை அடைக்கும் பேக்கிங் தளர்ந்து தண்ணீர் ஏறியது. இஞ்சின் நின்றுவிட்டது. ஆறு பேர் மாற்றி மாற்றி இறைத்துக்கொண்டே கிடந்திருக்கிறார்கள். விடிந்த பிறகுதான் இன்னொரு படகு பார்த்து இழுத்து வந்தது. ஆறு பேரும் உயிரோடு இறங்கினார்கள். கரையில் நானும் நின்றேன். கடைசிப் பையன் இறைத்த வாளியைக் கீழே வைக்காமலே இறங்கினான்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி பாண்டி மேல் விழுந்தது. நமக்கு அடுத்த தெருவில் லேத் வைத்திருக்கிற பாண்டிதான், அண்ணே. ஷாப்டை அவன்தான் கடைந்து பொருத்தினான். கோணலாகப் பொருத்திவிட்டான் என்று மீன் ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சகாயம் கத்தினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மறு வாரமே மூன்று படகுக்காரர்கள் பாண்டியிடம் கொடுத்திருந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று புரொபெல்லரைப் பட்டறைக்கு வாங்கி வந்து சமன் பார்க்கிற தண்டில் மாட்டினேன். ஒரே இறக்கை கீழே போய் நின்றது. எத்தனை முறை சுற்றிவிட்டாலும் அதே இறக்கை, அதுதான் கனம். அதற்குப் பிறகும் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். சோறு இறங்கவில்லை, அதுதான் நான் அனுபவித்த தண்டனை. பாண்டியின் தண்டனையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

கடைசியில் மதினியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, இதைத்தான் சொன்னார்:

"அவுகளுக்கும் கடைசி நாலு வருசமா காலு மரத்துப் போச்சு தம்பி. கை காய்ச்சுக் கெடக்கு, அதுலயும் ஒண்ணும் தெரியாதுன்னு முழங்கையப் பலகையில ஊணி அதிர்வு பாப்பாக. அதுக்குத்தேன் அமரத்துல சாஞ்சு உக்காருறது."

அண்ணே, நீங்கள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததை நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்! மாப்பிள்ளைத் திண்டு கொண்டுவரட்டுமா என்று படகுக்காரர்கள் முன்னால் கேட்டேனே. நீங்களும் சிரித்தீர்களே. எனக்கு வயதானவர் களைத்து உட்கார்ந்ததாகத்தான் பட்டது. உங்கள் இடத்துக்கு வந்தபோது, அந்தக் காலத்து அண்ணனைப் போல நின்றால்தான் மரியாதை என்று விறைத்து நின்றேன்.

என்னிடம் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று மதினியைக் கேட்டேன். அவனிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தொண்டி வரை தெரிந்துவிடும் என்றீர்களாமே. நியாயம்தான். ஆனாலும் கோபம் வருகிறது. நாற்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். ஒரே நோய். ஒருவருக்கொருவர் தெரியாமல் மாத்திரை விழுங்கியிருக்கிறோம். என்ன பிழைப்பு அண்ணே இது?

இதை எழுதலாமா என்று மதினியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதுங்கள், போனவருக்கு இனி என்ன வெட்கம் என்றார்.

சகாயத்திடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். அவன் கை ஓங்கியிருந்தால்கூடத் தேவலை. "ஆறு பேருண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அங்கிருந்து பாண்டியிடம் போனேன். லேத்தில் தூசி படிந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டான். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"என் கடைக்குள்ள வந்து சொன்னா ஆச்சா? ஏலக்கூடத்துல வச்சு என்னையச் சொன்னாக. அங்கன வச்சுச் சொல்லுங்க."

அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நாளைக் காலை ஏலம் தொடங்கும் முன் இந்தக் கடிதத்தை அங்கே நின்று நானே வாசிப்பேன். வாசித்துவிட்டுச் சுவரில் ஒட்டுவேன். ஷாப்டில் கோணல் இல்லை, தப்பு என் புரொபெல்லரில், அதை என் மரத்த கால் பார்க்கவில்லை. பாண்டி மேல் ஒரு குற்றமும் கிடையாது. படகுக்காரர்களே, நான் வார்த்ததை வாங்கிய எல்லாரும் திருப்பிக் கொண்டுவாருங்கள், சும்மாவே சமன் பார்த்துத் தருகிறேன். தண்ணீரில் சோதனை பார்க்க நல்ல கால் உள்ள உங்கள் ஆளையே நிறுத்துங்கள், இனி நான் சரி என்று சொல்லப் போவதில்லை. இதைக் கேட்ட பிறகு யாரும் வரவில்லை என்றால் மூன்று தலைமுறை உலை என் கையில் அணையும். அதை நினைத்தால் அழுகை வருகிறது, அண்ணே. ஆனாலும் வாசிப்பேன். பாண்டி முன்வரிசையில் வந்து நிற்கிற வரை தொடங்க மாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவன்,
பூமிநாதன்