உன் கணவரைச் சந்தேகித்த வாரக்கடைசி

இன்று காலை அலுவலக மேசையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிள்ளைகளோடு பினாங்கு போய்வந்த சக ஊழியை, எல்லாருக்கும் சர்க்கரையில் ஊறவைத்த ஜாதிக்காய்ச் சீவல் வாங்கி வந்திருந்தாள். பிரித்ததும் புளிப்பும் காரமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஒன்றை வாயில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். உன் வீட்டுக் கூடத்தில் இதே சீவலுக்கு நீ கையை நீட்ட, உன் கணவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்தக் கணத்தில் அவரை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதும்.

அந்த வாரக்கடைசிக்கு முன்பே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. கல்லூரிக் காலத்துத் தோழிகள் நாம் மூவரும் வெவ்வேறு மாநிலங்களில் குடியேறி, பிள்ளைகளின் திருமணங்களில் மட்டும் சந்தித்துக்கொண்டிருந்தோம். பிறகு அதுவும் நின்றது. திடீரென்று ஒருநாள் உன் எண்ணிலிருந்து செய்தி வந்தது. நானும் சரோஜாவும் வெள்ளிக்கிழமை வந்து இரண்டு இரவு தங்கிப் போக வேண்டுமாம். பாதி எழுத்தை விழுங்கி எழுதுகிறவள் நீ. அதிலோ ஒவ்வொரு சொல்லும் ஒழுங்காக இருந்தது. இதை எழுதியது நீ இல்லை என்று தோன்றியது. உடனே அழைத்தேன். உன் கணவர்தான் எடுத்தார்.

“அவ குளிக்கிறாம்மா. வந்துருங்க, ரொம்ப ஆசப்படுறா.”

மாலையில் மறுபடி அழைத்தேன். மறுபடியும் அவரே. நீ தூங்குகிறாயாம்.

வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்பவள் நான். விவாகரத்து மனுக்களைத் தட்டச்சு செய்தே தலை நரைத்துப் போனவள். மனைவியின் தொலைபேசியைக் கணவன் எடுத்துப் பேசும் வீடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக அடித்திருக்கிறேன். சிரம்பானில் ரயில் ஏறும்போதே மனத்துக்குள் ஒரு மனு தயாராகிக்கொண்டிருந்தது.

சரோஜா ஈப்போவில் ஏறிக்கொண்டாள். பட்டர்வொர்த்தில் இறங்கிப் பெர்ரியில் கடலைக் கடந்து பினாங்கு சேர்ந்தோம். படகுத்துறையில் உன் கணவர் மட்டும் நின்றிருந்தார். “அவ வரலையா, அண்ணே?” என்றேன். “வீட்ல இருக்கா” என்றார். பாயான் பாருவில் உன் வீடு வரும்வரை சாலையையே பார்த்துக் காடியை ஓட்டினார்.

நீ வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் காடியை விட்டு இறங்கி நேராக உன் முன்னால் வந்தும் நீ பேசவில்லை. “என்னடி, மறந்துட்டியா?” என்று கேட்ட பிறகுதான் “மல்லி” என்று கையை நீட்டினாய். என் முகத்தைப் பார்க்காமல், என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துச் சிரித்தாய். பயந்த பெண்கள் அப்படித்தான் கண்ணைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவர் வந்து உன் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

சாப்பாட்டில் அவரே பரிமாறினார். மீனை முள் எடுத்து உன் தட்டில் வைத்து, “வலது பக்கம்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நீ வலது பக்கத்திலிருந்துதான் எடுத்தாய். நான் நாற்காலியைச் சற்று நகர்த்தி உட்கார்ந்தபோது, எழுந்து வந்து அதைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னார். உன் தொலைபேசி அவர் சட்டைப் பையில் இருந்தது. வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியையும் அவரே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த ஜாதிக்காய்த் தட்டு.

அறைக்குள் போனதும் சரோஜாவிடம் சொன்னேன்.

“கேஸு படிச்சிப் படிச்சி உனக்கு மண்ட கொழம்பிப் போச்சி லா” என்றாள் அவள். “கல்யாணம் ஆகி முப்பது வருஷம். அப்படித்தான் இருப்பாங்க.”

சனிக்கிழமை காலை, நாம் படித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நீதான் கேட்டாய். கெலுகோரில் காடியை நிறுத்திவிட்டு, நாம் அந்தக் காலத்தில் ரொட்டி சானாய் சாப்பிட்ட மாமாக் கடைத் தெருவில் நடந்தோம். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அவர் பின்னாலேயே வந்தார். தண்ணீர்ப் போத்தலைக் காடியில் விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன். சரோஜாவும் கடையில் தேநீர் சொல்லப் போயிருந்தாள். நேரம் கொஞ்சம்தான் இருந்தது. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

“என்கூட சிரம்பானுக்கு வந்துரு” என்றேன். “சட்ட துணி ஒண்ணும் வேணாம். எங்க வக்கீலம்மா பாத்துக்குவாங்க. நீ பயப்படாத.”

“என்னடி சொல்ற? மெதுவா, மெதுவா...”

நான் மெதுவாகப் போகவில்லை. சாலையோர வடிகாலைத் தாண்டி எட்டு வைத்தேன். நீ தாண்டவில்லை. அங்கே வடிகால் இருப்பதே தெரியாதவள்போல் நேராக அதற்குள் காலை வைத்து விழுந்தாய். உன் கை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது.

எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் ஓடி வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். வடிகாலில் இறங்கி உன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

“அவளுக்குக் கண்ணு தெரியாதும்மா.”

உன்னைத் தூக்கிக் கடை வாசலில் உட்கார வைத்தோம். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. அது சீக்கிரம் ஆறாது என்பதால்தான் அவர் முகம் வெளுத்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. நீதான் சொன்னாய். இரத்தத்தில் சர்க்கரை ஏறும் இனிப்புநீர் நோய் முதலில் ஒரு கண்ணை எடுத்ததாம். பிறகு மற்றதும் போய், நிழல் மட்டும்தான் தெரிகிறதாம்.

“நாந்தான் அவர சொல்ல வேணாம்னேன். நீங்க வந்தா அந்த ரெண்டு நாளும் பழைய மாதிரி சண்ட போடணும், சிரிக்கணும். ஆஸ்பத்திரிப் பேச்சு வேணாம்னு நெனச்சேன். அது சரி, நீ என்ன நெனச்சி என்னை இழுத்துக்கிட்டு ஓடுன?”

வேறு வழியில்லாமல் அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி, தொலைபேசி, மீன், நாற்காலி, சாவி. சொல்லச் சொல்ல நீ சிரித்தாய். காயத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“இவ சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க, சாப்பிடுறாங்க, போறாங்க” என்றார். “இவ எப்படி இருக்கான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க வந்ததுலேர்ந்து என்னை மாத்தா மாதிரி, போலீஸ்காரங்க திருடனப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே இருந்தீங்க. பாருங்கம்மா. நல்லா பாருங்க.”

நீ சிரிப்பை நிறுத்தி என் கையைத் தேடிப் பிடித்தாய். “எனக்காகச் சந்தேகப்பட ஒருத்தி இருக்கா லா” என்றாய்.

அன்று மாலை முழுவதும், நீ கேட்டபடியே, நாம் சண்டை போட்டோம். விடுதியில் யார் யாருடைய சேலையை எரித்தது என்பதுகூட இன்னும் தீரவில்லை. காயம் ஆற மூன்று மாதம் ஆயிற்று என்று பிறகு சரோஜாவிடம் சொன்னாயாம். என்னிடம் ஒரே வாரத்தில் ஆறிவிட்டது என்றாய்.

அடுத்த ஆண்டு சிறுநீரகமும் கைவிட்டது. அந்தச் செய்தியை அவரே அழைத்துச் சொன்னார். கடைசிச் செய்தியையும் அவர்தான் சொன்னார். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிகளை எல்லாம் யாரோ இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த வாரக்கடைசி எனக்குப் புத்தி புகட்டி, இனி யாரையும் தவறாக நினைக்கக் கூடாது என்று ஆக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை. எங்கள் வீட்டு வரிசையில் புதிதாகக் குடிவந்த பெண்ணைச் சில வாரங்களாக வெளியே காணவில்லை. நேற்று போய்க் கேட்டைத் தட்டினேன். அவள் கணவர் வந்து, “என்ன வேணும்?” என்றார். “உங்க சம்சாரத்தப் பாக்கணும்” என்றேன். அவள் வந்தாள். எதற்கு வந்தீர்கள் என்பதுபோல் பார்த்து, “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். காய்ச்சலாக இருக்கலாம், வெயில் பிடிக்காதவளாக இருக்கலாம். இந்த முறை நான் யாரையும் பிடித்து இழுக்கப் போவதில்லை. புதன்கிழமை கொஞ்சம் மீன் கறி எடுத்துக்கொண்டு திரும்பவும் போவேன்.