பிளாஸ்டிக்குக்குள் போகாத பக்கம்

என் கூடப்பிறந்த கண்ணான ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணுக்குள் கபுறில் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி வருவதெல்லாம் ஏச்சுத்தான். பொறுமையாகக் கேள். அவசரமாகப் போக வேண்டிய இடம் உனக்கு இப்போது எதுவும் இல்லை.

உன்னைக் கட்டின மாப்பிள்ளை, நம் கெட்டிக்கார மச்சான், உன் முத்திரை ஆல்பத்தை லெமினேட் செய்துவிட்டார்.

ஓம், சரியாகத்தான் கேட்டாய். மூன்று ஆல்பங்களில் முதலாவதை. பக்கம் பக்கமாகக் கழற்றி, கல்முனைக் கடைத்தெருவில் இருக்கும் ஃபோட்டோக் கொப்பிக் கடைக்குக் கொண்டுபோய், கொதிக்கும் மெஷினுக்குள் விட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நீ போய் ஒரு வருஷம் நிறைகிற நாளில் ஓதும் கத்தத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக விறாந்தைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டப் போகிறாராம்.

"இனிக் கடல் வந்தாலும் ஒண்டும் ஆகா, சுலைஹா" என்று ஒரு பக்கத்தை எடுத்து என் முன்னால் தட்டிக் காட்டினார். தகரத்தைத் தட்டினது மாதிரிச் சத்தம் கேட்டது. அந்த மனுஷனின் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சுனாமியில் கடல் வந்த பிறகு நம் ஊர்ச் சனம் முழுக்க லெமினேட் செய்துகொண்டு திரிந்தது உனக்கும் தெரியும். அதில் ஒரு நியாயம் இருந்தது. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதிப் பத்திரமும் தண்ணீரோடு போய், நாம் இன்னார் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் வரிசையில் நின்றவர்கள் நாம். மற்றவர்களுக்கு அந்தப் பயம் சில வருஷங்களில் தணிந்தது. மச்சானுக்கு மட்டும் அது வித்துவமாக முற்றிவிட்டது. பென்ஷன் கடிதம் பிளாஸ்டிக்கில். கரண்ட் பில் பிளாஸ்டிக்கில். பஸ் நேரம் எழுதின துண்டும் பிளாஸ்டிக்கில். முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் கடதாசிக் கோவை கட்டினவராம், கடதாசியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லையாம்.

கரண்ட் பில்லுக்கும் முத்திரைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனோடு நாற்பது வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினாய்?

முத்திரையை நீ கைவிரலால்கூடத் தொட்டதில்லை. சாமணத்தால் கவ்வித்தான் எடுப்பாய். பக்கத்துக்குப் பக்கம் மெல்லிய எண்ணெய்க் கடதாசி வைப்பாய். ஆல்பத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிமிர்த்தி வைப்பாய். மாரியில் அந்த அலுமாரியைத் திறக்கவே விடமாட்டாய். காய்ந்த கச்சான் காற்றடிக்கும் மாதங்களில்தான் நிழலில் விரித்துக் காற்றாட விடுவாய். ஒட்டுப்பசை, செலோடேப், பிளாஸ்டிக் மூன்றும் உனக்கு ஹராம்.

கடல் வந்தபோது மூன்றாவது ஆல்பம் நனைந்து போனதே, அன்றைக்கும் இதே மச்சான்தான் பக்கங்களைத் துணிக்கொடியில் வெயிலில் தொங்கவிடப் போனார். நீ பறித்தெடுத்து, ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிய்க்காமல், வெள்ளைக் கடதாசி வைத்து, மணிக்கொரு தரம் மாற்றி மாற்றி நிழலிலேயே காய வைத்தாய். அத்தனை நாளும் நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். "உயிர் தப்பினதே பெரிய காரியம், நீ முத்திரைக்குப் பத்தியம் பாக்கிறாய்" என்று சொன்னேன்.

நானும் லேசுப்பட்டவள் இல்லைதான். இன்றைக்கு மச்சானை ஏசுகிற இந்த வாய் அன்றைக்கு உன்னைத்தான் ஏசியது.

உன் முத்திரைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் பிறகு இதை எடுத்து வாசிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். வெளிநாடு போன ஆண்களின் வீடுகளில் எழுத வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு நீதான் கடிதம் வாசித்தாய், நீதான் பதில் எழுதினாய். உறையில் இருக்கும் முத்திரையை மட்டும் கேட்டு வாங்கினாய். அதை உறையோடு வெட்டிக் கொண்டுவந்து தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாகக் கழன்ற பிறகுதான் எடுப்பாய். மருதமுனையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் ராஹிலா வருவாள் என்று ஊரே உன்னைச் சொன்னது.

என்னிடமும் வந்தாய். எனக்கு எழுத வாசிக்க நன்றாகவே தெரியும், ஆனாலும் வந்தாய். என் மாப்பிள்ளை குவைத்துக்குப் போய் முதல் வருஷம் மாதம் இரண்டு கடிதம் போட்டார். பிறகு ஒன்று. பிறகு எதுவும் இல்லை. செத்துப்போனார் என்ற மவுத்துச் செய்தி வந்திருந்தாலாவது நாலு மாதம் பத்து நாள் கைம்பெண்ணாக இத்தா இருந்து முடித்திருப்பேன். ஆள் சுகமாகக் கொழும்புக்குத் திரும்பி இன்னொரு வீட்டில் சோறு தின்கிறார் என்ற செய்தி வந்து சேர்வதற்குள் என் பாதி மயிர் நரைத்துவிட்டது. அவரைப் பற்றி எழுத இந்தக் கடதாசியை வீணாக்க மாட்டேன்.

கடிதம் வராத அந்தக் காலத்திலும் நீ விடவில்லை. மணி கேட்டு நான் கேற்றடிக்குப் போனால், ஒழுங்கை முனையில் நீ வந்துகொண்டிருப்பாய். ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை.

"என்ட வாழ்க்க கிழிஞ்சி கெடக்கு, நீ முத்திரைக்கு வாறாய் என்ன?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன்.

நீ சிரித்தாய். "ஓம், முத்திரைக்குத்தான்" என்றாய். அடுத்த முறை மணி கேட்டபோதும் வந்தாய். எவ்வளவு வெட்கங்கெட்டவள் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் உன் ஆல்பத்தை நான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நீ காட்டும்போது எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

சரி, மச்சானிடம் வருவோம். அவர் தட்டிக் காட்டின பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். முத்திரைகளின் முதுகில் மிச்சமிருந்த பசை சூட்டில் உருகி மஞ்சளாக ஊறியிருந்தது. நடுவில் காற்றுக் குமிழ்கள். கீழ் வரிசை முத்திரைகளுக்கு விளிம்புப் பல்லே இல்லை, நேராக வெட்டுப்பட்டிருந்தன.

"கீழ என்ன நடந்திரிக்கி?"

"பக்கம் நீளம் கூடிப்போச்சி. பிளாஸ்டிக்குக்குள்ள போகல்ல. ஓரத்த வெட்டச் சொன்னன். அதுல பென்சில் கிறுக்கல்தானே இரிக்கி" என்றார்.

உன் பென்சில் எழுத்தை அந்த மனுஷன் கிறுக்கல் என்கிறார், ராத்தா. மை கசியும், பென்சில் கசியாது என்று பார்த்துப் பார்த்து எழுதினாயே, அதை.

ஓட்டோ பிடித்துக் கல்முனைக்குப் போனேன். கடையில் இருந்த பிள்ளை என் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "அந்த அங்கிள்தான் வெட்டச் சொன்னாரு, மாமி" என்றாள். வெட்டின ஓரங்களை அவள் எறியவில்லை. நல்ல தடித்த கடதாசி என்பதால், ஃபோனுக்கு ரீலோட் போட வருகிறவர்களின் நம்பரை எழுத எடுத்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் உன் எழுத்து, மறுபக்கம் யார் யாருடையதோ ஃபோன் நம்பர். பாதிக்கு மேல் கிடைத்தது. மிச்சம் குப்பையில் போய்விட்டது.

ஆல்பத்தின் வெறும் அட்டையும் அங்கேயே கிடந்தது. துண்டுகளை அதற்குள் வைக்கத் திறந்தபோதுதான் உன் எழுத்தை முதல் தடவையாக வாசித்தேன். 'ஹாஜரா, மகன், ஜித்தா' என்று ஒரு துண்டு. பக்கத்தில் மூன்று புள்ளிகள். 'பாத்தும்மா, மாப்பிள்ளை, கட்டார்.' ஒரு புள்ளி.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன, மாமி?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அட்டையின் உட்புறத்தில் நீயே எழுதி வைத்திருந்தாய்: 'புள்ளி: தபால்காரர் வந்தார், கடிதம் வரவில்லை.'

முத்திரை கிடைத்த நாளை விடக் கிடைக்காத நாள்களைத்தான் குறித்திருக்கிறாய். இதை ஏன் எவரிடமும் சொல்லவில்லை?

நேரே உன் வீட்டுக்குப் போனேன். மச்சான் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து மற்ற இரண்டு ஆல்பங்களையும் மடியில் வைத்துப் பக்கங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுத்த சுமைக்குத் தயாராகிறார்.

"நிப்பாட்டுங்க" என்றேன். "இந்த ரெண்டையும் நான் கொண்டு போறன்."

"கொண்டு போய்? கடல் திரும்பி வந்தா என்ன செய்வாய்?"

"கடல் வந்தா உங்கட பிளாஸ்டிக் மட்டும் மிதக்கும், மச்சான். அதப் பாக்க நாம இரிக்க மாட்டம்."

மச்சான் கந்தோர்ப் பழக்கத்தில் ஏதோ குறித்துக்கொள்ளப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுக்கப் போனவர் கூடவே ஒரு அட்டையையும் இழுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நீ கொண்டுபோகும் கிளினிக் அட்டை. அதையும் லெமினேட் செய்து நெஞ்சோடு வைத்திருக்கிறார். அதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள். பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதியை அடிக்க வேண்டி வரும்.

பிறகு ஆல்பங்களை என் பக்கம் தள்ளினார். தனியாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு பக்கத்தையும் எடுத்து நீட்டினார். "இதுக்குப் பிளாஸ்டிக் வீணெண்டு எடுத்து வெச்சன். இதுல ஒண்டுமில்ல. வேணுமெண்டா நீ எடு."

மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பக்கம். ஓரமெல்லாம் கடல் தண்ணீரின் பழுப்புக் கறை. நடுவில் ஒரு முத்திரை அளவுக்குக் கட்டம், உள்ளே வெறுமை. கீழே 'தங்கச்சி, மாப்பிள்ளை, குவைத்.'

கட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள். மேலே ஒரு வரிசை, பக்கங்களில் இறங்கி, கீழே சுற்றி, பிறகு இடமில்லாமல் வெளியே இரண்டாவது சுற்று. அதுவும் நிறைந்து மூன்றாவது தொடங்கியிருந்தது. நான் கத்தின நாளின் புள்ளி எது என்று தேடினேன். எல்லாம் ஒரே அளவாகத்தான் இருக்கின்றன. உன் கை ஒரு இடத்திலும் அழுத்தவில்லை.

முத்திரைக்கு வந்தவள் முத்திரை இல்லாத பக்கத்தை எதற்கு இத்தனை வருஷம் வைத்திருந்தாய்? கடல் தண்ணீரில் ஊறினதை எதற்கு மணிக்கொரு தரம் கடதாசி மாற்றிக் காய வைத்தாய்? பக்கத்தில் நின்று நான் சிரித்தபோது உன் கையில் இருந்தது இந்தப் பக்கம்தானா?

"என்ன?" என்று மச்சான் கேட்டார்.

"ஒண்டுமில்ல" என்றேன். வாழ்நாளில் அந்த மனுஷன் சொன்ன ஒன்றை நான் திருப்பிச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவருடைய மடத்தனம் உன் முதலாவது ஆல்பத்தை அழித்தது. அதை இனிப் பிரிக்க முடியாது. உறையிலிருந்து தண்ணீரில் கழலும் முத்திரை அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கழலாது. அதே மடத்தனம்தான் இந்த ஒரு பக்கத்தை எனக்குக் காப்பாற்றியும் தந்தது. நான் மட்டும் என்ன, நாற்பது வருஷமாக உன்னை முத்திரைப் பைத்தியம் என்றவள். எங்கள் இரண்டு பேரில் யாரை முதலில் ஏசுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

இப்போது ஆல்பங்கள் என் அறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிமிர்ந்து நிற்கின்றன. உன் சாமணம் என்னிடம். கிடைத்த துண்டுகளை அந்த அந்தப் பெயர்ப்படி எண்ணெய்க் கடதாசியில் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, பயப்படாதே.

இன்று காலை உன் பென்சிலையும் எடுத்தேன். நீ எனக்குப் போட்ட பக்கத்துக்கு எதிரே ஒரு புதுப் பக்கம் போட்டு, ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் வரைந்தேன். கீழே 'ராத்தா' என்று எழுதினேன். ஊர் என்ன போடுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். பத்தரை மணிக்குத் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் வந்தது. கேற்றடிக்குப் போய் நின்றேன். அவர் நிற்காமல் போனார். உள்ளே வந்து ஒரு புள்ளி வைத்தேன்.

வாக்குத் தருகிறேன், ராத்தா. என் கால் நடக்கும்வரை, அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கேற்றடிக்குப் போவேன். என்னத்துக்கு வந்து நிற்கிறாய் என்று யாராவது கேட்டால், முத்திரைக்குத்தான் என்று சொல்வேன்.

உன் வாய்க்காரத் தங்கச்சி,
சுலைஹா